தறிக் கம்பத்தில் கட்டிய பாட்டில்

எங்கள் எடப்பாடிப் பக்கம் காய்ச்சல் என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் மனசு ஆறும். மாத்திரையை யார் நம்புகிறார்கள்? ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். இதற்குப் போய்க் காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டதையே கேட்கிறீர்கள், சார்.

மலர்விழி என் பட்டறையில் விசைத்தறி ஓட்டினாள். கெட்டிக்காரி. அறுந்த நூலைப் பேசிக்கொண்டே முடிந்துவிடுவாள். தீபாவளிச் சரக்கு நேரம் பார்த்து அசதி என்று படுத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரரைக் கூட்டிவந்து கை நரம்பில் ஊசி போடவைத்தேன். பாட்டிலைத் தறிக் கம்பத்தில் கட்டினேன். மருந்து இறங்க இறங்க, இன்னொரு கையால் தறியைப் பார்த்துக்கொண்டாள்.

ஊசியை எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தினமும் புதிதாகக் குத்தினால் அந்தப் பிள்ளைக்கு வலிக்காதா? சோர்ந்தபோதெல்லாம் நானே பாட்டில் மாட்டினேன். ஒரு மாதம் போல ஓடியது. ஊசி இருந்த இடம் சிவந்து சீழ் கட்டியது. மஞ்சள் பற்றுப் போட்டேன். எந்த முதலாளி போடுவான், சொல்லுங்கள்.

அப்புறம் குளிர்காய்ச்சல், இருமல்.

"அண்ணா, இதைப் புடுங்கிருங்க. மூச்சு உட்டா நெஞ்சு குத்துதுங்க."

"இந்த லோடு போகட்டும் சாமி."

லோடு போனது. சொன்னபடி ஊசியைப் பிடுங்கிவிட்டு, நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் திட்டுத்திட்டாக இருந்தது. கையில் ஊசி, டிரிப்ஸ் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் இல்லீங்க. தறித் தூசிங்க."

விஷயம் வெளியே வந்து பட்டறைக்குப் பூட்டுப் போட்டால் யார் சோறு போடுவது? அவளும் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். இருமல் மருந்தோடு திரும்பினோம்.

கடைசியில் அஸ்தம்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வழியாகப் போன கிருமி வலது பக்க வால்வில் கட்டியாக ஒட்டிக்கொண்டு, அது பிய்ந்து பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறதாம். "மொதல்லயே சொல்லியிருந்தா பொழைக்க வெச்சிருப்பாங்களேய்யா," என்று அங்கிருந்த டாக்டரம்மா என்மேல் எரிந்து விழுந்தார். மறுநாள் மலர்விழி போய்விட்டாள்.

ஆமாம், தெரிந்தேதான் மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், எரிச்சலாக வருகிறது. நல்லதுக்குக் காலமில்லை.

சீக்கிரம் முடியுங்கள், சார். அவள் தங்கச்சி ஸ்ரீதேவிதான் இப்போது அந்தத் தறியில் நிற்கிறாள். பாட்டில் இந்நேரம் தீர்ந்திருக்கும். நான் போய்த்தான் மாற்ற வேண்டும்.