பத்து லட்சத்தில் ஏழு

உங்கள் விசாரணை அலுவலகத்தில் அழைப்பு மணியை அழுத்தி நாலரை விநாடி கழித்துத்தான் கதவு திறந்தது. குறையாகச் சொல்லவில்லை. அளப்பது என் தொழில். வெளியே வந்தாலும் அது கையை விட்டுப் போவதில்லை.

எங்கள் நிறுவனம் மருத்துவமனை வார்டுகளுக்கு ஒரு கருவி செய்கிறது. நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். மூச்சு குறைந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். திரையில் படுக்கை எண் வரும். கருவிக்குள் சி மொழியில் எழுதிய இரண்டு நிரல்கள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று கிளிப்புகளைக் கேட்கும். அதைக் காது என்போம். இன்னொன்று மணியை அடிக்கும். அது வாய். காதுக்குத் தெரிந்தது வாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை.

நிரல்களை எழுதியவன் என் மனைவியின் தம்பி. அலுவலகத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். வைத்தது நான்தான். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அவன் இரண்டாவது கவளத்தில் இருப்பான். ஒரு கேள்வி கேட்டால் சரியான பதில் வரும். கேட்டவர்தான் அதற்குள் எழுந்து போயிருப்பார்.

ஆமை முதலில் காதுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு குழாய் வைத்தான். இந்த முனையில் போட்டால் அந்த முனையில் வரும். பத்து லட்சம் செய்திகளை அனுப்பி அளந்தேன். ஒரு செய்திக்கு ஆறு மைக்ரோ செகண்ட். ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஆறு துண்டு. எங்கள் மேலாளர் அம்மா ஐந்துக்குள் வேண்டும் என்றார்.

"மேடம், மணி அடிச்சா நர்ஸ் எந்திரிச்சு செருப்பு மாட்டவே பத்து செகண்ட் ஆகும். இதுல ஒரு மைக்ரோ செகண்டுக்கு எதுக்கு அடிச்சுக்கணும்?" என்றான் ஆமை.

"நீ இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க செருப்பையே தைச்சு முடிச்சிருப்பாங்க. ஒரு வாரம் டைம். இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று வீட்டில் என் மனைவி சாப்பிடவில்லை. "என்னங்க, அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கங்க. நீங்க நெனச்சா முடியும்," என்றாள். பார்க்கிறேன் என்றேன். இந்த விஷயத்தில் என் நோக்கம் தொடக்கத்திலிருந்தே குடும்ப நன்மைதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமை குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, காதும் வாயும் பொதுவாகப் பார்க்கிற ஒரு பலகையை வைத்தான். கணினியின் நினைவகத்தில் ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். காது அதில் எழுதும். வாய் அதைப் படிக்கும். பாதி எழுதும்போதே படித்துவிட்டால் பழைய செய்தி பாதியும் புதிய செய்தி பாதியுமாகக் கலந்துவிடும். அதற்காக அவன் ஒரு பூட்டு போட்டான். எழுதி முடிக்கும்வரை படிக்காதே, படித்து முடிக்கும்வரை எழுதாதே. மொத்தம் நாலு வரி.

அளந்தேன். இரண்டு மைக்ரோ செகண்ட் வந்தது.

ஐந்து கேட்டார்கள், இரண்டு வந்துவிட்டது. வேலை தப்பியது. நான் அந்த எண்ணை அட்டவணையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இரண்டு நல்ல எண்தான். அதில் நான்தான் எங்கேயும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அளப்பவன் அளக்கப்படுவதைத் தொடக் கூடாது. நல்ல விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். நான் ஆமையின் கோப்பைத் திறந்து அந்த நாலு வரிகளை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். 0.38.

நீங்கள் இந்தத் துறையில் இல்லை. அது எப்பேர்ப்பட்ட எண் என்பதை உங்களுக்கு விளக்குவது கடினம். தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று நினைக்க வேண்டாம். என் அளவை நிரல் அதுவரை ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது: மூன்றாம் படுக்கை, மூச்சு குறைவு. ஒரே செய்தி என்றால் பாதி கலந்தாலும் தெரியாது. மூன்றின் மேல் மூன்று எழுதினால் மூன்றுதான். அதனால் ஒருமுறை வெவ்வேறு படுக்கை எண்களை அனுப்பிப் பார்த்தேன். பத்து லட்சத்தில் ஏழு செய்திகள் கலந்து வந்தன. ஒரு படுக்கையின் எண், இன்னொரு படுக்கையின் மூச்சு.

ஏழு என்பது பெரிதில்லை. உங்கள் தட்டச்சாளர் நான் பேசத் தொடங்கியதிலிருந்து மூன்று பிழை விட்டிருக்கிறார். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சோதனையை அழித்துவிட்டுப் பழையபடி ஒரே செய்தியை அனுப்பி, அந்த 0.38-ஐயே அட்டவணையில் ஏற்றினேன்.

எங்கள் அலுவலக வழக்கப்படி, அளந்த பிரதிதான் முத்திரை போட்டுக் கருவிக்குள் போகும். எழுதியவன்கூட அதற்குப் பிறகு அதைத் திறக்க முடியாது. மேலாளர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டு ஆமைக்குக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

"மாமா, பூட்டோட இவ்ளோ வேகமா ஓடுதா? எனக்கே நம்ப முடியல. இன்னொரு தடவ அளந்து பாருங்களேன்," என்றான்.

"அளந்தாச்சு மச்சான். கைதட்டு வாங்குறதுலகூடவா இவ்ளோ நிதானம்?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கருவி வார்டுக்குப் போன பதினோராம் வாரம், ஒரு மதியம். பதினான்காம் படுக்கையைப் பற்றிய செய்தியின் மேல் மூன்றாம் படுக்கையைப் பற்றிய செய்தி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. வாய் பாதியில் படித்துவிட்டது. திரையில் பதினான்கு என்று வந்து மணி அடித்தது. நர்ஸ் ஓடியிருக்கிறார். பதினான்கில் இருந்த அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாராம்.

"உங்களுக்கு மூச்சு நின்னுடுச்சுன்னு சொல்லுதேம்மா."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. இந்தா, ஒரு சுளை எடுத்துக்க."

நர்ஸ் கிளிப்பைச் சரிசெய்துவிட்டு மணியை நிறுத்தினார். காது ஒரு செய்தியை ஒருமுறைதான் சொல்லும். மூன்றாம் படுக்கையில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். சின்ன அறுவை சிகிச்சை முடிந்து அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டியவர். மகள் கீழே கையெழுத்துப் போட வரிசையில் நின்றிருந்தாள். அவள் மேலே வந்து பார்க்கும்வரை யாரும் பார்க்கவில்லை. பத்தொன்பது நிமிடம். இது என் அளவு அல்ல, மருத்துவமனையின் அளவு.

கருவியைப் பிரித்தார்கள். பூட்டு இல்லை. கோப்பின் தலையில் ஆமையின் பெயர். அவனை அன்றே வெளியே அனுப்பினார்கள். பிறகு போலீஸ் வந்து விசாரித்தது.

"மாமா, நான் பூட்டு போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்கதானே அளந்தீங்க, நீங்க சொல்லுங்க."

"முத்திரை போட்ட பிரதில இல்லையே மச்சான்," என்றேன். அது உண்மை. பழைய பிரதிகள் என் பொறுப்பில் இருந்தன. அந்த வாரம் அவற்றைச் சுத்தம் செய்திருந்தேன். வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஒரு மாதம் போனபின் அவன், "போட்டேனா இல்லையான்னு எனக்கே குழப்பமா இருக்கு மாமா," என்றான். இரண்டு மாதம் போனபின், "மறந்துதான் இருப்பேன். நான்தான் அந்த ஆளக் கொன்னுட்டேன்," என்றான். இப்போது அவன் பேசுவதே இல்லை. என் மனைவி அவனுக்கு ஊட்டிவிடுகிறாள். அப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுகிறான்.

நாலு மாதம் கழித்து எதற்கு வந்தாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அவனைத் தினமும் பார்ப்பவன் நான்.

நேற்று விசாரணை அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. பதினேழாம் பக்கத்தில் உங்கள் நிபுணர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பூட்டை விட்டது மன்னிக்க முடியாத தவறு, ஆனாலும் இந்த எளிய கருவியில் இத்தனை வேகத்தை எட்டியது அபூர்வமான திறமை என்று. கீழே ஆமையின் பெயர். என் மனைவி அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தாள். "என்ன ஆனாலும் என் தம்பி மூளைக்காரன்தாங்க," என்று சொல்லி அழுதாள். அவனும் தலையை ஆட்டினான்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் கிளம்பி வந்துவிட்டேன்.

பூட்டை எடுத்தது நான். கலந்து வரும் என்று தெரிந்து எடுத்தேன். அவனுக்கு அதில் பங்கில்லை. ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். அதற்குமுன் பதினேழாம் பக்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள். நிபுணர் ஏறத்தாழ அரை மைக்ரோ செகண்ட் என்று போட்டிருக்கிறார். அரை இல்லை. 0.38. பக்கத்தில் என் பெயர்.