பதினோரு வருஷச் சாட்சி

ஐயோ, எந்திரிக்காதீங்கக்கா, உக்காருங்க. பாஸ்டர் பொண்ணுன்னா நான் என்ன மகாராணியா? அந்த மைக் வயரைத் தள்ளிட்டு உக்காருங்க. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு. அதுக்கப்புறம்தான் நான் மேடைக்குப் போய்ச் சாட்சி சொல்லணும்.

ஆமா, அதே சாட்சிதான். ஒன்பது வயசுல சர்க்கரை வியாதி, அப்பா தலையில கை வச்சு ஜெபிச்சாரு, சுகமாயிட்டேன். பதினோரு வருஷமா இதே நாள், இதே மாதிரி வெள்ளை கவுன். தையக்கார அம்மா அளவை மட்டும் மாத்திக்கிறாங்க.

உங்க பாப்பாவுக்கும் அதே சர்க்கரைதானா? ஏழு வயசுதானா... ம்.

இதோ வந்துடறேன் சித்தப்பா! இங்கதான் இருக்கேன்! ஒண்ணுமில்லக்கா, அப்பாவோட தம்பி. நான் வெளிய எங்கயும் போயிடாம பாத்துக்குறதுதான் இன்னிக்கு அவரோட ஊழியம்.

சேச்சே, அப்பாவைக் கெட்டவர்னு சொல்லல. யாருக்காவது முடியலன்னா முதல் ஆளா போய் நிப்பாரு. ஆனா அவர் வாயிலருந்து ஒண்ணு வந்துட்டா, அது கர்த்தர் சொன்னதாயிடும். அப்புறம் யாரு கேள்வி கேக்குறது? நான் கேட்டேன். காலேஜ்ல பேச்சுப் போட்டில வாங்குன கப்பு அலமாரி நிறைய இருக்கு, வீட்டுல ஒரு வாதம்கூட ஜெயிச்சதில்ல. நடக்காததை நடந்துச்சுன்னு சொன்னா பொய்தானேப்பான்னேன். கோவமே படல அவரு. பொய் இல்லம்மா, இன்னும் வந்து சேராத உண்மைன்னாரு. இதுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க? அம்மா உடனே, எண்ணூறு பேர் விசுவாசத்துல மண்ணைப் போட்டுடாதடின்னு ஒரே அழுகை.

என்னது? பாப்பாவோட இன்சுலின் ஊசியை நிறுத்திட்டீங்களா? எப்போலருந்து? நேத்துக் காலையிலருந்தா!

அப்பா நிறுத்தச் சொல்லலதானே? சொல்ல மாட்டாருக்கா. விசுவாசிக்கிறவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்பாரு, அவ்ளோதான். மிச்சத்தை நீங்களே செஞ்சுடுவீங்க.

பாப்பா, இது எத்தனாவது பாட்டில் தண்ணிடா? மூணாவதா? வயிறு வலிக்குதா?

அக்கா, எந்திரிங்க. பாட்டும் வேணாம், ஜெபமும் வேணாம். பின்வாசல்ல வண்டி நிக்கும், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. சித்தப்பா உங்களைத் தடுக்க மாட்டாரு. என்னைத்தான் விடமாட்டாரு.

விசுவாசம் குறைஞ்சதாயிடுமா? என்னைப் பாத்துதானேக்கா நிறுத்துனீங்க? அப்போ என்னைப் பாத்தே ஊசியைப் போடுங்க. இந்தக் கையில இருக்குற புள்ளியெல்லாம் பாருங்க. எறும்பு கடிச்சதுன்னா நெனைக்கிறீங்க?

மொத தடவை சொன்னப்ப நான் பொய் சொல்லலக்கா. சுகமாயிடுச்சுன்னு சத்தியமா நம்புனேன். ரெண்டு நாள் ஊசி இல்ல. மூணாம் நாள் ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிக்கிறதுக்குள்ள பக்கத்து ஊர் வரைக்கும் சாட்சி போய்ச் சேர்ந்துடுச்சு. அன்னிலருந்து அப்பாதான் எனக்கு ஊசி போட்டு விடுறாரு. ஒரு வேளை தவறினதில்ல. இன்னிக்குக் காலையிலகூட போட்டு, பஞ்சால துடைச்சுட்டு, சாட்சியை நல்லா அழுத்திச் சொல்லும்மா, புதுசா நிறையப் பேரு வர்றாங்கன்னாரு.