ஏரிக்கரை வீட்டுக்கு வழி

மே மாதம் ராஜபாளையத்தில் இருப்பது சிரமம், ஐயா. நீங்கள் ஊருக்குப் புதுசு, இந்த வருஷம்தான் பார்க்கப் போகிறீர்கள். மில்லுக்குள் பஞ்சும் வெக்கையும் சேர்ந்து மூச்சை அடைக்கும். அதனால்தான் கொடைக்கானலுக்குப் போக ஆரம்பித்தோம். முதல் தடவை போனது எண்பத்தாறில்.

நான் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பெயர் காளிராஜ், அதை நேற்றே எழுதிக்கொண்டீர்கள். சங்கிலிப்பாண்டி அங்கே ஃபிட்டர். மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவான். எங்களுக்குள் இருந்ததற்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். ஊரில் அதற்கு இருக்கிற பெயர்கள் எதுவும் காகிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை. புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே சரிவில் பரிபூரணம் அம்மா வீடு. அவர் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஐந்து அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். எங்களைப் போன்றவர்கள் பயமில்லாமல் தங்கலாம் என்று மதுரையில் ஒருவர் சொல்லித்தான் போனோம். அண்ணன் தம்பி என்று சொல்வதாகப் பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தோம். நான் ஆரம்பித்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கதையெல்லாம் கீழ இருக்கவங்களுக்குச் சொல்லுங்க தம்பி. ரெண்டு கட்டில் வேணுமா, ஒண்ணு போதுமா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

சங்கிலிப்பாண்டி சிரித்துவிட்டான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே திருச்சி வாத்தியார் ஒருவரும் அவருடைய சிநேகிதரும் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தார்கள். குழம்பில் உப்புப் போட்டதற்குச் சண்டை பிடிப்பார்கள். சாயங்காலம் வராந்தாவில் ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துப் படுத்துப் பேப்பர் படிப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு ஏன் இடம் கொடுக்கிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் சங்கிலிப்பாண்டி ஒருநாள் கேட்டான். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான்யா. எங்களுக்கு அவனை வச்சுக்கிடத் தெரியலை" என்றார்.

வருஷத்துக்கு ஒரு வாரம். ஆறு வருஷம் அப்படிப் போனது. எனக்கு அந்த ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அவனுக்குப் போதவில்லை.

தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் அவனுடைய ராஜினாமா என் மேஜைக்கு வந்தது. மில்லில் எல்லாக் காகிதமும் என் வழியாகத்தான் போகும். கேன்டீன் பின்னால் வைத்துக் கேட்டேன்.

"என்னலே இது?"

"கொடைக்கானல் அம்மாவுக்கு முட்டு வலி. வீட்டைப் பாத்துக்கிட ஆள் வேணுங்காவ. நான் போறேன்."

"பொறவு?"

"பொறவென்ன, அங்கனயே இருந்துர வேண்டியதுதான். நீயும் வாயேன்."

"பிள்ளைக இருக்குல்லா."

"தெரியும். ஒன்னைக் கொறை சொல்லலை. எப்ப வந்தாலும் ஒன் ரூமு இருக்கும்."

ஒன் ரூம் என்றான். அதுவரை அது நம்ம ரூம். அவன் அதைக் கவனித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனான்.

மே மாதம் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். அந்த அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தது. வந்தவர்களுக்கு வெந்நீர் வைப்பதும், குழாயை ரிப்பேர் பார்ப்பதும், ஏரிக்கரையில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் பேசுவதுமாக இருந்தான். வேறு ஆள் இருக்குமோ என்று ஒரு வாரமும் கவனமாகப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். யாரும் இல்லாமலேயே அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஊருக்கு வந்து பத்து நாள் யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்ததல்ல. ஒரு மனுஷன் சொந்தபந்தத்தோடு இருக்க வேண்டும். தம்பி எங்கே இருக்கிறான் என்று கூடப்பிறந்தவருக்குத் தெரிய வேண்டாமா? மம்சாபுரத்தில் அவனுடைய அண்ணன் மொக்கைச்சாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் எங்கே இருக்கிறான், அது எப்படிப்பட்டவர்கள் வருகிற வீடு என்பதையெல்லாம் எழுதினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரி ரோடு, படகுத்துறை தாண்டி வலது கைப்பக்கம் ஏறுகிற சரிவு, பச்சைக் கேட். தெரியாத ஊரில் அலையக் கூடாதே என்று படமும் போட்டுக் கொடுத்தேன். கீழே நலம்விரும்பி என்று எழுதினேன்.

வேன் வைத்து ஐந்து பேர் போயிருக்கிறார்கள். கண்ணாடி, கட்டில் எல்லாவற்றையும் உடைத்தது, வாத்தியாருக்குக் கை முறிந்தது, அந்த அம்மாவை அடுப்படியில் பிடித்து வைத்தது எல்லாம் அவர் கொடுத்த மனுவில் இருக்கிறது. சங்கிலிப்பாண்டி மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லையாம். "அம்மாவை விட்ருங்க, நான் வாரேன்" என்று அவனாகவே வேனில் ஏறியிருக்கிறான். நாலாம் நாள் தோட்டத்து மோட்டார் ரூமில் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துக் கிடந்தான். வயிற்று வலி தாங்காமல் குடித்துவிட்டான் என்று ஊரில் சொன்னார்கள். அன்றைக்கே எரித்துவிட்டார்கள்.

நான் அரைநாள் லீவு போட்டுப் போனேன். தூக்கின நாலு பேரில் நானும் ஒருத்தன். மொக்கைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்களைப் பத்தித்தான் தம்பி எந்நேரமும் பேசுவான்" என்றார். காரியங்களைக் குறைவில்லாமல் செய்தார்கள்.

பரிபூரணம் அம்மா இரண்டு வருஷம் விடாமல் மனுப் போட்டதால்தான் நீங்கள் மொக்கைச்சாமி வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தீர்கள், கடிதமும் கிடைத்தது. அது என் கையெழுத்துத்தான். மில் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஐயா.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

அய்யம்மாள் என்று அந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரு தங்கச்சி இருந்தாள். மனசுக்குப் பிடித்தவனோடு மதுரைக்குப் போய்விட்டாள். மொக்கைச்சாமி போய்க் கல்யாணம் பண்ணி வைப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு நாள் கழித்துக் கிணற்றில் கிடந்தாள். சங்கிலிப்பாண்டி இதை எண்பத்தொன்பதில் படகில் வைத்து என்னிடம் சொன்னான். துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டான். "எங்கண்ணன் அடிக்க மாட்டான்லே. நல்லாப் பேசித்தான் கூட்டிட்டு வருவான். கெணத்துல அவளா விழலை. இது ஒனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள். நானே படிக்கிறேன். "அய்யம்மாள் விஷயத்தில் தாங்கள் எடுத்த முடிவையே இதிலும் எடுத்தால்தான் குடும்பம் தலைநிமிரும்." அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே தடவையில் எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன்.

காரணம் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். ஏட்டையா விரோதம் என்று போடச் சொல்கிறார். வேண்டாம், ஐயா, அது சரியில்லை. அவன் மேல் என்னைப் போல் பிரியம் வைத்தவர்கள் யாரும் கிடையாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.