மூண்டு தரம் கேட்டனான்

கம்சனா: …இல்லை அங்கிள், ஆக்கள் வரேல்லையெண்டு நிப்பாட்ட மாட்டன். ஒருத்தர் வந்தாலும் சுத்திக் காட்டுறதுதான் என்ர வழக்கம்.

இன்னாசித்தம்பி: எட்டுப் பேர் எண்டெல்லோ போட்டிருந்தது?

கம்சனா: மழையைக் கண்டிட்டு ஏழு பேர் ஒளிச்சிட்டினம்.

இன்னாசித்தம்பி: இதுவோ மழை? இது தூறல்.

கம்சனா: பெர்லின் ஆக்களுக்கு இது காணும். நீங்கள் பாருங்கோ, அங்க ஹம் பட்டினத்தில இருந்து குடையும் இல்லாமல் வந்து நிக்கிறியள்.

இன்னாசித்தம்பி: பிள்ளை, நான் முழுக்க நடக்க மாட்டன். முழங்கால் சரியில்லை. இந்த ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்டேசனை மட்டும் காட்டினால் போதும். மூண்டே முக்காலுக்கு எனக்கு ட்ரெயின்.

கம்சனா: எங்க ஏறுறியள்? பெரிய ஸ்டேசனிலயோ?

இன்னாசித்தம்பி: ஓம், ஹவுப்ட்பான்ஹோஃபில.

கம்சனா: என்ர கடைசி நிறுத்தமும் அதுதான்! எப்பிடியும் அங்க போகத்தானே வேணும். ஆறுதலா நடப்பம்.

இன்னாசித்தம்பி: எஸ்-பான் ரயிலில ஏறினால் ஒரு நிறுத்தம்…

கம்சனா: எஸ்-பானில போனால் கதையில்லை அங்கிள். துவங்குறன், என்ன? ம்ம்… "அன்பானவர்களே, 'தமிழர் வந்த வழி' என்ற இந்த நடைச் சுற்றுலாவுக்கு உங்கள் எல்லோரையும்…"

இன்னாசித்தம்பி: என்னொருத்தனுக்கு "எல்லோரையும்" ஆ?

கம்சனா: பாடமாக்கினது! இடையில மறிச்சால் திரும்ப முதல்ல இருந்து சொல்லவேண்டி வரும்.

இன்னாசித்தம்பி: சரி, சரி. எல்லாரும் கேக்கினம். சொல்லு.

கம்சனா: "நாம் நிற்கும் இந்த இடம் கிழக்கு ஜெர்மனியின் தலைநகரமாக இருந்தது. நகரத்தின் நடுவே மதில். ஆனால் இந்த ஸ்டேசனின் ஒரு மேடையிலிருந்து மட்டும் மேற்குக்கு ரயில் ஓடியது. எங்கள் ஆட்கள் கிழக்கில் விமானத்தால் இறங்கி, இந்தக் கண்ணாடி மண்டபத்துக்குள் நுழைந்து மேற்குக்குப் போனார்கள். சொந்தக்காரர் அழுது பிரிந்த இடம் என்பதால் இதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர்." எங்கட ஆக்கள் மட்டும்தான் இதுக்குள்ளால சிரிச்சுக்கொண்டு போனவை.

இன்னாசித்தம்பி: சிரிக்கேல்லை.

கம்சனா: என்ன?

இன்னாசித்தம்பி: ஒருத்தரும் சிரிக்கேல்லை. குளிருக்குப் பல்லுக் கிட்டிக்கொண்டு நிண்டது… நிண்டிருக்கும் எண்டு சொல்லுறன்.

கம்சனா: ம்ம். வாங்கோ உள்ளுக்க. இந்தக் கூட்டுக்குள்ளதான் ஒவ்வொருத்தராப் பாஸ்போட் பாத்தவை. இப்பிடி நில்லுங்கோ.

இன்னாசித்தம்பி: பின்னுக்குக் கண்ணாடி இருந்தது. மேல, சரிச்சு வச்ச கண்ணாடி. முதுகுக்குப் பின்னால ஏதும் ஒளிச்சு வச்சிருக்கிறமோ எண்டு அவன் பாக்கிறதுக்கு.

கம்சனா: திரும்பிப் பாருங்கோ.

இன்னாசித்தம்பி: …ஓம். கிடக்குது.

கம்சனா: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

இன்னாசித்தம்பி: இன்ரநெற்றில பாத்தனான்.

கம்சனா: நல்லாத்தான் பாத்திருக்கிறியள்.

இன்னாசித்தம்பி: காணும் பிள்ளை, வெளியால போவம். இதுக்குள்ள மூச்சு முட்டுது.

கம்சனா: வாங்கோ, இப்பிடி ஆற்றங்கரையால. கையைப் பிடியுங்கோ, கல்லு வழுக்கும். இனித்தான் முக்கியமான கதை.

இன்னாசித்தம்பி: எனக்கு அந்தக் கதை தெரியும்.

கம்சனா: எந்தக் கதை?

இன்னாசித்தம்பி: பேஸ்புக்கில வீடியோவாப் போட்டிருக்கிறியே. என்ர மகள் போனில காட்டினவள்.

கம்சனா: அப்ப நேரிலயும் கேளுங்கோ. "எண்பத்தி நாலாம் ஆண்டு கார்த்திகை மாதம். இந்த வழியால் ஐந்து பேர் வந்தார்கள். நாலு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் புஷ்பராணி, என் தாய். வயது இருபத்தொன்று. மேற்கு ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் இருந்த ஒருவரைக் கலியாணம் கட்ட ஊரில் பேசி அனுப்பியிருந்தார்கள். அவருடைய விலாசம் எழுதிய துண்டு, பாஸ்போட்டின் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது."

இன்னாசித்தம்பி: ம்ம்.

கம்சனா: "கூட்டிக்கொண்டு வந்தவர் ஒரு மெல்லிசான ஆள். அவருக்கு மட்டும்தான் இங்கிலீசு தெரியும்."

இன்னாசித்தம்பி: இங்கிலீசோ! 'யெஸ்', 'நோ', 'பிளீஸ்'. வேற என்ன தெரியும்…

கம்சனா: "மேற்கில் முதல் ஸ்டேசனில், இன்று பெரிய ஸ்டேசன் நிற்கும் இடத்தில், இறங்கினார்கள். பாஸ்போட் கையில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லி விட்டிருந்தான். அந்த மெல்லிசான ஆள் எல்லாப் பாஸ்போட்டையும் வாங்கி, துண்டு துண்டாகக் கிழித்து, இதோ, இந்த ஆற்றுக்குள் போட்டார்." இதில கொஞ்சம் நில்லுங்கோ அங்கிள். இதுதான் அந்த இடம். "உள்ளுக்கு ஏதும் இருக்கோ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் துண்டும்…"

இன்னாசித்தம்பி: கேட்டனான்!

கம்சனா: ஆர் கேட்டது?

இன்னாசித்தம்பி: கேட்டனான் பிள்ளை. ஒருக்கா இல்லை, மூண்டு தரம் கேட்டனான். "ஏதும் கிடந்தால் எடுங்கோ, எடுங்கோ, கடைசியாக் கேக்கிறன் எடுங்கோ" எண்டு… ஏன் சிரிக்கிறாய்?

கம்சனா: சிரிக்கேல்லை. நீங்கள் எப்ப வாயைத் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு வந்தனான்.

இன்னாசித்தம்பி: அப்ப… தெரியுமோ?

கம்சனா: பேரைப் பதியேக்கையே தெரியும். இன்னாசித்தம்பி எண்டு எத்தினை பேர் ஹம்மில இருக்கினம்? அம்மா உங்கட பேரை மறக்கேல்லை. நான்தான் வீடியோவில பேரைச் சொல்லாமல் விட்டனான்.

இன்னாசித்தம்பி: மற்ற ஏழு பேர்?

கம்சனா: மழையாவது மண்ணாங்கட்டியாவது… உங்கட பேரைக் கண்ட உடன புக்கிங்கைப் பூட்டிட்டன். இண்டைக்கு உங்களுக்கு மட்டும்தான்.

இன்னாசித்தம்பி: கெட்டிக்காரி. சரி, எனக்கு விளங்குது. என்னை ஏச வேணுமெண்டால் இப்பவே ஏசு. ஆனா அந்தக் கதையை மாத்து. சனம் கேக்குது. என்ர மகள் கேட்டவள், "அப்பா, இவ்வளவு விசர் வேலை பாத்த ஆள் ஆர்?" எண்டு. நான் பேசாமல் இருந்தனான்.

கம்சனா: மாத்த மாட்டன். அம்மா சொன்னதுதான் என்ர கதை. நீங்கள் கேக்கேல்லை எண்டுதான் அவ எப்பவும் சொல்லுறவ.

இன்னாசித்தம்பி: எப்பவுமோ?

கம்சனா: எனக்கு அறிவு தெரிஞ்ச நாள் தொடக்கம். ஊரிலயும் சண்டை, ஆக்கள் இடம் பெயர்ந்திட்டினம். திரும்ப விலாசம் கிடைக்க ஏழு மாசம். அதுக்குள்ள அந்தாள் வேற கலியாணம் கட்டிட்டார். ஆரும் கேட்டால் "மெல்லிசான ஆள் கேட்டிருந்தால்…" எண்டு அம்மா இதைத்தான் சொல்லுவா.

இன்னாசித்தம்பி: …சொல்லச் சொல்ல எனக்கும் சந்தேகம் வந்திட்டுது, தெரியுமே? நாப்பது வருசத்துக்கு மேல. கேட்டனான் எண்டு நினைச்சு நினைச்சு, கேக்கேல்லையோ எண்டும் வந்திட்டுது. கேட்டிருந்தால் ஏன் இது உள்ளுக்கு இருந்தது?

கம்சனா: எது?

இன்னாசித்தம்பி: இந்தா.

கம்சனா: இது… பிளாஸ்ரிக் உறை.

இன்னாசித்தம்பி: பேப்பர் தாழும், உறை தாழாது. மிதந்தால் பொலிசுக்குத் தெரிஞ்சிடும் எண்டு அஞ்சு உறையையும் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டனான். பொக்கற்றில ஓட்டை. அதுக்குள்ளால ஒரு உறை லைனிங்குக்குள்ள போயிட்டுது. ஆறு வருசம் கழிச்சு அந்தக் கோட்டை எறிய எடுக்கேக்கதான் கண்டனான். உள்ளுக்கு இந்தத் துண்டு. "புஷ்பராணிக்கு" எண்டு மேல எழுதிக் கிடக்குது. கீழ வுப்பர்டால் விலாசம்.

கம்சனா: கையெழுத்து மங்கேல்லையே…

இன்னாசித்தம்பி: எரிக்கவும் மனம் வரேல்லை, கொண்டு வந்து குடுக்கவும் துணிவு வரேல்லை. இதைத் தந்திட்டுப் போகத்தான் வந்தனான். நீ குடு. நான் எஸ்-பானில போறன்.

கம்சனா: ஏலாது. கடைசி நிறுத்தம் இன்னும் வரேல்லை.

இன்னாசித்தம்பி: பிள்ளை, என்னால நடக்கேலாது…

கம்சனா: நடக்கலாம். இந்தப் பாலத்தைக் கடந்தால் சரி. அங்க, வாங்கில, பச்சைக் குடை தெரியுதோ?

இன்னாசித்தம்பி: …அது ஆர்?

கம்சனா: காலமை பத்து மணிக்கே வந்து குந்தியிருக்கிறா. "எப்பிடியெண்டாலும் கடைசி மட்டும் கூட்டிக்கொண்டு வா, இடையில விட்டிடாதை" எண்டு சொல்லித்தான் விட்டவ. ஏசத்தான் போறா எண்டு நினைக்கிறன். ஏசினாலும் வாங்கிக்கொள்ளுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்.

இன்னாசித்தம்பி: உன்னை வச்சு ஒரு கண்ணி வச்சிருக்கிறா அம்மா.

கம்சனா: ஓம். கால் நோகுதெண்டால் என்னில சாயுங்கோ. ஆனா திரும்பேலாது.

இன்னாசித்தம்பி: விடு. நடக்கிறன். இதை என்ர கையால குடுத்திட்டுத்தான் போவன்.

கம்சனா: அம்மா, இவர்தான்.

புஷ்பராணி: தெரியுது. அப்ப மெல்லிசு, இப்ப வண்டியும் வயிறும். இருங்கோ அண்ணை, நனைஞ்சு போனியள்.

இன்னாசித்தம்பி: இருக்கேலாது தங்கச்சி. முதல்ல இதைப் பிடி. உன்ர விலாசம். என்னிலதான் பிழை எண்டால் பிழைதான். ஒண்டு மட்டும் சொல்லு… நான் அண்டைக்குக் கேட்டனானோ, இல்லையோ?

கம்சனா: அம்மா? ஏன் அழுறியள்? சொல்லுங்கோவன்.

புஷ்பராணி: மூண்டு தரம் கேட்டனீங்கள் அண்ணை. மூண்டு தரமும் "ஒண்டும் இல்லை" எண்டு சொன்னது நான். முகம் தெரியாத ஒருத்தனைக் கட்ட எனக்கு விருப்பமில்லை, கிழிக்க என்ர கைக்குத் துணிவில்லை, அதுதான் உங்கட கையில தந்தனான். பிறகு வீட்டில கேட்டவைக்கு உங்கட தலையில போட்டன். அந்த விலாசமோ… வீட்டு நம்பரோட எனக்கு அண்டைக்கே பாடம்.