லெஸ்டரிடம் வாங்கிய வீட்டுவண்டி

பழைய வீட்டுவண்டி வாங்கப் போகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே ஏற வேண்டும், ஷெரிப் அம்மா. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது என்று காலையில் காபி கொடுக்கும்போது சொன்னீர்களே, அதனால் சொல்கிறேன். குளியலறைக்குப் பக்கத்து மூலையை வெறுங்காலால் அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். பலகை உள்வாங்கினால் கூரை ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். விற்கிறவன் மேலே புதுக் கம்பளம் விரித்து மறைத்திருப்பான், ஆனால் காலுக்குத் தெரிந்துவிடும்.

டயரில் பட்டன் தேயாமல் ஆழமாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. வருஷக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் புதுசாகத்தான் இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். ஓரத்தில் பொறித்திருக்கிற நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் எந்த வருஷத்து டயர் என்று தெரியும். பிறகு ஜெனரேட்டர். போய் இறங்கியதும் அதன் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். எதையோ மறைக்கிறான். கடைசியாக, வெட்கப்படாமல் மண்ணில் மல்லாந்து படுத்து, அடியில் போகிற புகைக்குழாயைப் பாருங்கள். நான் படுக்கவில்லை. அதனால் மூன்று பேர் செத்துப் போனார்கள்.

முதலில் என் மனைவி டோரீன். பிறகு எங்களுக்கு வண்டியை விற்ற லெஸ்டர், அவருடைய மனைவி நேடின். இந்த இருவரையும் கொன்றது நான்தான் என்று நேற்றே சொல்லிவிட்டேன். கோபத்தில் லெஸ்டரை அடித்தேன், நேடின் பார்த்துவிட்டதால் அவரையும் அடித்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். இன்று வந்து, டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார், அந்த அம்மாதான் முதலில் செத்திருக்கிறார், ஏன் என்று கேட்கிறீர்கள். உங்கள் டாக்டர் கெட்டிக்காரர்.

சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளியே பெஞ்சில் என் மகள் ட்ரூடி உட்கார்ந்திருக்கிறாள். "எங்கப்பா எங்கம்மாவுக்காகத்தான் செஞ்சாரு, கோர்ட்ல வந்து நானே சொல்வேன்" என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவை எரித்துவிட்டோம், அப்பாவை இனி கம்பிக்குள்தான் பார்க்கப் போகிறாள். அவளுக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு நம்பிக்கைதான். நான் சொல்லப் போவது இந்தக் கதவைத் தாண்டி அவளிடம் போகக் கூடாது. இதற்கு நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

வடக்கு டகோட்டாவில் கோதுமை லாரி ஓட்டினேன். டோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வருஷத்தில் பாதி நாள் வாசலில் பனி வழித்தே எங்கள் முதுகு போனது. ஓய்வு பெற்ற முதல் வருஷமே, "இன்னொரு குளிர்காலம் இங்க இருந்தா ஒண்ணு நான் சாவேன், இல்ல உன்னைக் கொன்னுடுவேன்" என்றாள். எல்லாரையும் போல நாங்களும் அரிசோனாவுக்கு இறங்கி வந்தோம். ஒரு வாரம் விடுதியில் தங்கி, வண்டி தேடினோம்.

லெஸ்டரின் இடம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. இறந்துபோன கிழவர்களின் வண்டிகளை வாங்கி, உயிரோடிருக்கிற கிழவர்களுக்கு விற்பார். நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வாய்யா வா. குளிர்ல மூக்கு விழறதுக்குள்ள தப்பிச்சு வந்துட்டீங்க போல. அம்மணிக்கு எந்த வீடு வேணும், சொல்லுங்க. சாவி மொத்தமும் எங்கிட்டதான்."

டோரீன் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி அலமாரிகளைத் திறந்து மூடினாள். ஒன்றில் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "ஆர்வில், இதேதான். வேற எதையும் எனக்குக் காட்டாத."

என்னிடம் ஒரு கட்டை உண்டு. லாரிக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கும். முனையில் ஈயம் ஊற்றிய ஓக் கட்டை. டயரைத் தட்டினால் எழும்புகிற சத்தத்தை வைத்தே காற்று சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். நான் வண்டியைச் சுற்றி வந்து ஆறு டயரையும் தட்டினேன்.

"கதவைத் தட்டுற மாதிரி தட்டறியேய்யா, உள்ள யாரும் குடியில்ல" என்று லெஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெனரேட்டர் மூடி சூடாகத்தான் இருந்தது. வெயிலில் நிற்கிறது, சுடத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். முதல் தடவை வாங்குகிறவன் இப்படித்தான். தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் ஆறு தடவை சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவான்.

அந்தக் கட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் ஆயுதமாக வைத்திருக்கவில்லை. ட்ரூடி சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவளைக் கடித்த பக்கத்து வீட்டு நாயை அதனால் அடித்தேன். மண்டை உடைந்து செத்தது. தடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கையும் போயிற்று, ஆனால் அவர் குறுக்கே வந்திருக்கக் கூடாது. ஒருமுறை லாரி நிறுத்துமிடத்தில் டோரீனைப் பார்த்து அசிங்கமாகப் பேசியவனுக்குத் தாடை போனது. அவ்வளவுதான். நான் கோபக்காரன் இல்லை, ஷெரிப் அம்மா. என் வீட்டாரைக் காப்பாற்றுகிறவன்.

பாலைவனத்தில் வண்டிகள் கூடும் திடலில் நல்ல இடம் கிடைத்தது. மடக்கு நாற்காலி போட்டுச் சாயங்காலம் முழுக்க வெளியில் உட்கார்ந்திருப்போம். பக்கத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் டோரீன் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். லெஸ்டரின் மனைவி நேடினோடும் அடிக்கடி போனில் பேசுவாள். மார்ச் முடியும்போது வெயில் ஏறிவிட்டது. மற்றவர்கள் வடக்கே கிளம்ப ஆரம்பித்தார்கள். டோரீனுக்குப் போக மனமில்லை. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்றாள்.

அன்று மதியம் ஜன்னல்களை மூடி, ஜெனரேட்டரைப் போட்டு, ஏசியை ஓடவிட்டுப் படுத்தாள். நான் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனேன். குடிதண்ணீர் பிடித்தேன், அவளுக்குப் பிடித்த எலுமிச்சைக் கேக் வாங்கினேன். திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவள் போல இருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று கேக்குக்குத் தட்டு எடுத்து வைத்தேன். பிறகு கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

தீயணைப்பு ஆள் வண்டிக்கு அடியில் படுத்து ஒன்றைக் கழற்றி எடுத்து வந்து காட்டினார். ஜெனரேட்டரின் புகைக்குழாயில் விரிசல் இருந்திருக்கிறது. யாரோ சோடா டப்பாவை வெட்டி விரித்து, அதைச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். சூட்டில் டப்பா ஓட்டையாகி, விஷப்புகை கட்டிலுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக ஏறியிருக்கிறது. விமானம் பிடித்து வந்த ட்ரூடி, அம்மாவை எரித்த அன்று அந்தத் தகரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ஒரு சோடா டப்பாவாப்பா? எங்கம்மா உயிருக்கு இதுதானா? அந்தாளை நீங்க சும்மா விடப் போறீங்களா?" என்று கேட்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு வேறு வார்த்தை கிடைக்காததால், "விட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லெஸ்டர் வீட்டுக்குப் போனேன். கட்டை கையில் இருந்தது. அது எப்போதும் காரில் இருப்பதுதான். நேடின் கதவைத் திறந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சமையலறையில் உட்கார வைத்து ஐஸ் டீ கலக்கப் போனார். நான் டப்பாவை மேஜையில் வைத்தேன்.

லெஸ்டர் மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான்யா சுத்தினேன். புதுக் குழாய் வர நாளாகும்னாங்க. நீங்க அன்னைக்கே ஓட்டிட்டுப் போகணும்னு நின்னீங்க. வந்ததும் கூப்பிட்டு மாத்திக் கொடுத்துடலாம்னு நெனச்சேன். அப்புறம் மறந்தே தொலைச்சுட்டேன். என்னை என்ன வேணா செய்யி. இல்ல, கிளம்பு, ஷெரிப்புகிட்ட நானே வந்து சொல்றேன்."

மேஜையில் தலையை வைத்து அழுதார். எனக்கு மனம் லேசாகிவிட்டது, உண்மையாகவே. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பியிருந்தால், இப்போது இந்த நாற்காலியில் அவர்தான் இருந்திருப்பார். நான் ட்ரூடியோடு வடக்கே போய்க்கொண்டிருந்திருப்பேன்.

நேடின் டீயை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"ஆர்வில், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரியெல்லாம் மனசு அடிச்சுக்குது. கட்டில் பக்கத்துல விஷப்புகை வந்தா கத்துற மணி இருக்குமே, அதை நான்தான் புதுசு வாங்கி என் கையால மாட்டினேன். அது கத்தலையா?"

"கத்திச்சு. டோரீன் முழிக்கல" என்றேன். தீயணைப்பு ஆளின் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர் வந்தபோது மணி கத்திக்கொண்டுதான் இருந்தது.

நேடின் என்னையே பார்த்தார். "எப்படிங்க? அன்னைக்குக் காலையிலதானே டோரீன் போன் பண்ணாங்க. வண்டி பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குது, ஆர்வில் பிடுங்கி டிராயர்ல போட்டுட்டாருன்னு சிரிச்சாங்க. அய்யய்யோ, உடனே மாட்டச் சொல்லுங்கன்னு நான் கத்தினேனே. மாட்டினீங்கதானே?"

அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பாவம், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அந்த அம்மா ஆசைப்பட்டார். ஆனால் லெஸ்டரின் அழுகை நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நேடினை வாயில் அடித்தேன். அவர் அடுப்பின் மேல் சாய்ந்து, பல் விழுந்த வாயோடு மறுபடி ஏதோ சொல்ல வந்தார். அது கேள்வியாக இருந்திருக்கலாம். நெற்றியில் அடித்தேன், விழுந்த பிறகு காதோரத்தில் அடித்தேன். பிறகு அவர் பேசவில்லை. லெஸ்டர் குறுக்கே வந்து கையை நீட்டினார். கை ஒடிந்து தொங்கியது. ஓடியிருக்கலாம், ஓடாமல் மனைவியின் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"ஆர்வில், வேண்டாம்யா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்யா."

அதுதான் அவர் செய்த பிழை. சொல்ல மாட்டேன் என்றால், சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவரை அடிக்க அதிக நேரம் ஆயிற்று. திடமான மனிதர். முடிந்ததும் கை கழுவிவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

மணி எப்படிக் கத்தியது என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்பது உங்கள் வேலை. அன்று மதியம் நான் கிளம்பும்போது டோரீன் படுத்தபடியே, "போறதுக்கு முன்னாடி அதை மாட்டிட்டுப் போயேம்ப்பா, நேடின் திட்டறா" என்றாள். வந்து மாட்டுகிறேன் என்றேன். சொன்னபடி வந்துதான் மாட்டினேன். கூப்பிட்டு எழுந்திருக்காதபோது, சுவரில் மொட்டையாக நின்ற இரண்டு ஒயர்களைப் பார்த்தேன். டிராயரைத் திறந்து மணியை எடுத்தேன். எனக்கே தலை சுற்றியது, ஒயரை முறுக்க விரல் ஒத்துழைக்கவில்லை, கொஞ்ச நேரம் பிடித்தது. மாட்டியதும் காது கிழியக் கத்தியது. அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன், போனை எடுத்தேன். அவளுக்கு மூச்சு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. மணியை மாட்டும்போது, ஒயருக்குக் குறுக்கே கிடந்த அவள் கையை நகர்த்தி வைத்தேன், அது என் விரலைப் பிடித்தது போல இருந்தது. பிரமையாகத்தான் இருக்கும்.

ட்ரூடியைக் கூப்பிடுவதாக இருந்தால் இப்போது கூப்பிடுங்கள். அவள் அம்மாவைக் கொன்றது லெஸ்டர்தான் என்று அவள் நம்புகிறாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.