பேன்ட் பையில் பேட்டரி

அடுத்தவன் பேன்ட் பையில் என்ன இருந்தால் உனக்கென்ன? விடமாட்டாய். சரி, கேள். திண்டிவனத்தில் ஏறிய விழுப்புரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் பேட்டரி போட்டுப் புகை இழுக்கும் பித்தளைக் குழலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"புகையே சரியா வரல மச்சான்."

"திருகுற மரையெல்லாம் அழுக்குடா. கரண்டு வழியிலயே செத்துடுது. நல்லா தொடை. பேட்டரியக் காட்டு."

பேன்ட் பையிலிருந்து சாவிக்கொத்தோடு பேட்டரியை எடுத்தான்.

"மேல் தோலு கிழிஞ்சிருக்கு, சாவியோட போட்டுக்கினு சுத்துறியே! சாவி உரசினா வெடிக்கும்டா. அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம்!"

"அதுக்கின்னா?"

"அந்தப் பை எங்க இருக்குதுன்னு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். விழுப்புரம் வரைக்கும் பேட்டரியைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொன்னேன்: "மாப்ளைக்கு மோதிரம் அப்புறம் போடுங்கடி. மொதல்ல பேட்டரி வெக்க ஒரு டப்பா குடுங்க. பேரப்புள்ள வேணுமில்ல?"