மழைநீர் வடிகால், பகுதி ஏழு

ஸ்கேனரின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஆறு ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன். இந்தக் குழுவில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால், தலைவர் அவர்களே, இன்று நான் சொல்ல வந்தது அதுவன்று. முறையாகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நம் ஆவணகத்தில் வீடுவீடாகப் பழைய புகைப்படங்களை வாங்கிக் கணினியில் ஏற்றித் திருப்பித் தருகிறோம். படத்தில் இருப்பவரின் பெயரைப் பதிய, அக்காலத்தில் அவரை அறிந்திருந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்வது செல்லாது. இந்த விதியை எழுதியவள் நான். நல்ல விதி.

சென்ற ஆண்டு, ஊரின் முதல் நடமாடும் நூலக வண்டியின் படம் வந்தது. அந்த வண்டியை ஓட்டியவரின் பெயரைப் புதிய வாசிப்பறைக்கு வைப்பதாக நகராட்சி அறிவித்திருந்தது. ஓட்டியவள் என் நாத்தனார். எண்பது வயதில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். படத்தில் அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் பதிவேட்டுடன் நான் இருக்கிறேன்.

'ஓட்டுநர், பெயர் தெரியவில்லை' என்று பதிந்தேன்.

அவள் நேரில் வந்து திரையின்மேல் விரலை வைத்தாள். அதுவும் செய்யக் கூடாதது.

"அண்ணி, இந்த மூக்கப் பாருங்க. ஊர்ல வேற யாருக்கு இருக்கு இது?"

"மூக்கு வந்து சாட்சி சொல்லாது."

"பக்கத்துல உக்காந்திருக்கிறது நீங்கதானே. நீங்க சொல்லக் கூடாதா?"

"எனக்கு நிச்சயமாத் தெரியலையேம்மா."

"பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு வளைவுலயும் என் தோள்லதான் வந்து சாஞ்சீங்க, அண்ணி."

உண்மைதான். வளைவுகளில் அவள் வேகத்தைக் குறைத்ததே இல்லை.

காரணம் கேட்பீர்கள். நான் புதுமணப் பெண்ணாக வந்த வாரத்தில், பொருள்வாரியாக நான் அடுக்கியிருந்த புத்தகங்களை அவள் உயரவாரியாக மாற்றி அடுக்கினாள். இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். நான் எதையும் மனத்தில் வைத்துக்கொள்கிறவள் அல்லள். தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

எங்களை அக்காலத்தில் அறிந்தவர்களில், அந்த வண்டியின் புத்தகங்களுக்கு அட்டை கட்டிய பைண்டர் மட்டும் அப்போது உயிருடன் இருந்தார். ஒலிப்பதிவுக் கருவியுடன் அவரிடம் நானே போனேன். பதினொரு நிமிடம் பிசிறில்லாமல் பேசினார்; அவள் பெயரை மூன்று முறை சொன்னார். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அழிப்பது குற்றம். 'மழைநீர் வடிகால், பகுதி ஏழு' என்று பெயரிட்டு, நகராட்சி வடிகால் கூட்டங்களின் ஒலிப்பதிவு வரிசையில் வைத்தேன். பகுதி ஒன்றையே இதுவரை ஒருவரும் திறந்ததில்லை. பைண்டருக்கு நினைவு தப்பிவிட்டது என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் காலமானார். இரங்கல் குறிப்பில் இருந்த இரண்டு பிழைகளை நான்தான் திருத்தினேன்.

சென்ற வாரம் வாசிப்பறையைத் திறந்தீர்கள். அந்தப் படம் சுவரளவு பெரிதாக இருந்தது. அதன்கீழே, 'பெயர் தெரியாத இரு பெண்கள்'.

இருவராம். பக்கத்து இருக்கைக்குக் கிடைத்த சாட்சி என் நாத்தனார் ஒருத்திதானாம். கேட்டவுடனே கையெழுத்திட்டாள் என்று எழுத்தர் சொன்னார். "அது எங்க அண்ணி. அவங்க ஏறாம வண்டி கிளம்பாது" என்றாளாம். இருந்தும், விதிப்படி ஒரு சாட்சி போதாது.

ஆகவே, ஒருவரும் அழைக்காமல் நானாக வந்து அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதிவின் ஒன்பதாம் நிமிடத்தில் பைண்டர் என் பெயரைத் தெளிவாக உச்சரிக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் போதும்.